சுக்கான் திரும்ப ஆங்கிலம் எதற்கு?

1898-இல் நிக்கோலா தெசுலா நியூயார்க்கில் வானலையால் ஒரு சிறு படகைக் கம்பியின்றி ஓட்டிக் காட்டினார். 1906-இல் வ.உ.சிதம்பரனார் வெள்ளையர்க்கு எதிராகக் கப்பற் குழுமம் கண்ட ஊர் தூத்துக்குடி. பாய்த்தோணியில் கொழும்பு சென்ற ஊர். அவ்வூர் மாணவன் அத்தகைய படகைத் தானே செய்தல் அரிதோ? விரலளவு நுண்கட்டுப்படுத்தி நொடிக்கு 50 துடிப்புகளை அனுப்பும். துடிப்பின் நீளம் 1 மில்லிநொடியெனில் சுக்கான் ஒருபுறம், 2 எனில் மறுபுறம், 1.5 எனில் நேர். இவ்வளவே! இதற்கும் ஆங்கிலம் வேண்டுமாம்! துடிப்புக்கு ஏது மொழி? அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியலும் இயந்திரவியலும் வந்தன, மின்னணுவியல் வரவில்லை. நூலைத் தராது, தமிழில் இயலாதென்போர் துடுப்பைப் பறித்துக்கொண்டு, ‘இவனுக்குப் படகோட்டத் தெரியாது’ என்று நகைப்பவரே. துடுப்பைக் கொடுக்கட்டும்!