அருங்காட்சியகங்கள் யாருடைய வரலாற்றைப் பேச வேண்டும்?

தில்லியின் வடக்கு, தெற்குச் செயலகக் கட்டடங்களை ‘யுகே யுகீன் பாரத்’ என்ற பெயரில் மாபெரும் தேசிய அருங்காட்சியகமாக மாற்றும் திட்டத்தைப் பிரதமர் மோடி 2023 மே மாதத்தில் முன்வைத்தார். 2024 டிசம்பரில் இதற்காகப் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஐயாயிரம் ஆண்டு நாகரிகப் பெருமையை உலகுக்குக் காட்டப்போவதாக அரசு முழங்குகிறது. வெள்ளை அதிகாரிகள் அமர்ந்து ஆண்ட அறைகளில் உழைக்கும் மக்கள் நுழைவதை நாம் எதிர்க்கவில்லை. அங்கே அவர்களுக்கு எந்த வரலாறு காட்டப்படும் என்பதே நமது கேள்வி.

இது வீண் ஐயம் அன்று. அதே மே மாதத்தில் பிரதமர் தொடங்கி வைத்த அருங்காட்சியகக் கண்காட்சியின் அடையாளச் சின்னத்தை நினைவுகூர்வோம். மொகஞ்சதாரோவின் நடன மங்கை சுமார் 10.5 சென்டிமீட்டர் உயரமே உள்ள வெண்கலச் சிலை. ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழமையானது. ஆடையின்றி, இடுப்பில் கையூன்றி, தலைநிமிர்ந்து நிற்பவள் அவள். அவளுக்கு ஆடை உடுத்தி, நிறத்தையும் வெளுக்கச் செய்து வாயிலில் நிறுத்தினார்கள். சான்றைத் தம் விருப்பத்திற்கு வளைப்பவர்களின் கையில் ஒரு தேசத்தின் சான்றுகள் அனைத்தும் ஒப்படைக்கப்படுகின்றன.

பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடத்தை நீக்கியதும், ஆறாம் வகுப்பு நூலில் சிந்துவெளியைச் ‘சிந்து-சரஸ்வதி’ ஆக்கியதும், தீன்மூர்த்தி இல்ல அருங்காட்சியகத்திலிருந்து நேருவின் பெயரை அகற்றியதும் இதே ஆட்சிதான்.

உண்மையில் நமது அருங்காட்சியகங்கள் சங் பரிவாரத்தின் கதையை ஏற்பதில்லை. 1814இல் தொடங்கப்பட்ட கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பார்ஹுத் தூபியின் கல்வேலி இருக்கிறது. அதன் தோரண வாயிலை எழுப்பியவன் தனபூதி என்னும் மன்னன். ஆனால் தூண்களிலும் குறுக்குக் கற்களிலும் பிக்குகள், பிக்குணிகள், இல்லறத்தார், பெண்கள் எனக் கொடையளித்த பலருடைய பெயர்கள் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. வேத மரபொன்றே இந்தியா என்போருக்கு அந்தக் கற்களே மறுப்பு. சிந்துவெளிச் செல்வங்களோ 1947இல் இரு நாடுகளுக்கும் பங்கிடப்பட்டன. மொகஞ்சதாரோவின் கழுத்தணிகூட இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மதத்தின் பெயரால் நாட்டைக் கூறுபோட்ட அரசியல், வரலாற்றையும் கூறுபோட்டதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பெருமை பேசும் அரசு பாதுகாப்பில் காட்டும் அக்கறை என்ன? 2016 ஏப்ரல் 26 அன்று தில்லியிலிருந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தீக்கிரையானது. ஒரு தேசிய நிறுவனம் 1978 முதல் முதலாளிகளின் கூட்டமைப்பான ஃபிக்கியின் கட்டடத்தில் வாடகைக்குக் குடியிருந்தது! காங்கிரஸ் ஆட்சியும் விதிவிலக்கல்ல. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களில் 92ஐக் காணவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2013இலேயே அறிக்கை அளித்தார். நவதாராளமயத்திற்குப் பழம்பொருள் என்பது சுற்றுலாச் சரக்கு. இந்துத்துவத்திற்கோ அது வழிபாட்டுப் பொருள். ஆய்வுக்கும் பராமரிப்புக்கும் நிரந்தரப் பணியாளர் வேண்டும் என்பது இரண்டின் கணக்கிலும் இல்லை.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. தேசிய அருங்காட்சியகத்தின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களின் முழுப் பட்டியலையும், அவற்றை இடம் மாற்றும் திட்டத்தையும் அரசு வெளியிட வேண்டும். காட்சிக் கூடங்களின் உள்ளடக்கத்தைச் சுதந்திரமான வரலாற்றாய்வாளர் குழு தீர்மானிக்க வேண்டும். நெசவாளர், கொல்லர், உழவர், ஆதிவாசிகள், தலித்துகள், பெண்கள் ஆகியோரின் உழைப்பும் போராட்டமும் அங்கே இடம்பெற வேண்டும். உழைக்கும் மக்களுக்கு நுழைவுக் கட்டணம் கூடாது.

தோழர்களுக்கும் ஒரு கடமை உண்டு. மாநாட்டுக்கோ பேரணிக்கோ எந்த நகரம் சென்றாலும் அங்குள்ள அருங்காட்சியகத்திற்கு ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். இளம் தோழர்களையும் அழைத்துச் செல்லுங்கள். கண்ணாடிப் பேழைக்குள் உள்ள ஒவ்வொரு பானையையும் அணிகலனையும் செய்த கை யாருடையது என்று கேட்கக் கற்றவர்களை எந்தப் பொய் வரலாறும் எளிதில் ஏமாற்ற முடியாது.