கரன்ட் வந்தது, சர்வர் வந்தது, சேவை வரவில்லை

இரவில் மின்சாரம் போகிறது. யுபிஎஸ்ஸும் தீர்ந்து சர்வர் அணைகிறது. விடியற்காலையில் மின்சாரம் திரும்பியதும் சர்வர் தானாக எழுந்துவிடுகிறது. ஆனால் டேட்டாபேஸ் எழவில்லை. என்றைக்கோ ஒருவர் கையால் டைப் செய்து ஓடவிட்ட கமாண்ட் அது. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கவுன்டரில் வரிசை நீள்கிறது.

இந்த நிலை வரவேண்டிய அவசியமே இல்லை. யூனிக்ஸ் வகை கணினி எழும்போது கெர்னல் முதலில் ஓடவிடும் புரோகிராம் இனிட். அதன் புராசஸ் எண் 1. வேறு எவற்றை எழுப்ப வேண்டும் என்று அதனிடம் முறையாகச் சொல்லிவைத்தால் போதும்.

பலர் முறையாகச் சொல்வதில்லை. கணினி எழும்போது ஓடும் ஆர்சி.லோக்கல் ஃபைலின் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த வரி ரூட் அதிகாரத்தில் ஓடும். பாதியில் செத்தால் மீண்டும் எழுப்ப ஆளில்லை. சிலர், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ‘ரீபூட்’ என்று எழுதுகிறார்கள். அது நெட்வொர்க் வந்துவிட்டதா, டேட்டாபேஸ் தயாரா என்று பார்ப்பதில்லை. கமாண்டைத் தேடும் இடங்களின் பட்டியலான ‘பாத்’ வேறு கிரானில் குறுகலானது. கையால் அடிக்கும்போது ஓடும் கமாண்ட், அங்கே ‘கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடும்.

லெனார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010இல் கொண்டுவந்த சிஸ்டம்டி என்ற இனிட் இதற்கு நல்ல வழி தருகிறது. ஃபெடோரா 2011இலும் டெபியன் 2015இலும் அதையே இயல்பான இனிட்டாக ஏற்றன. சின்ன டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றில், எதற்குப் பிறகு எழ வேண்டும் என்பதை ‘ஆஃப்டர்’ வரியும், யார் பெயரில் ஓட வேண்டும் என்பதை ‘யூசர்’ வரியும், விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ‘ரீஸ்டார்ட்’ வரியும் சொல்கின்றன. புதிதாக வேலைக்கு வந்தவரும் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

சிஸ்டம்டி அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது என்ற எதிர்ப்பும் உண்டு. சிஸ்டம்டியை ஏற்காதவர்கள் டெபியனிலிருந்து பிரிந்து டெவுவான் என்ற தனி லினக்ஸையே உருவாக்கினார்கள். அவர்களுடைய கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒழுங்கு சிஸ்டம்டிக்கு மட்டும் சொந்தமானதல்ல. யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த ஃப்ரீபிஎஸ்டி இன்றும் ஷெல் ஸ்க்ரிப்டுகளையே நம்புகிறது. அங்கும் ஸ்க்ரிப்டுகளின் தலையில், தமக்கு முன்னால் எவை எழுந்திருக்க வேண்டும் என்ற வரி இருக்கிறது. எந்த இனிட் என்பதைவிட, எழுதிவைத்திருக்கிறார்களா என்பதே முக்கியம்.

பாதுகாப்புக்கும் இப்படி எழுதிவைப்பது தேவை. ஊடுருவியவர்கள் மறுபடி உள்ளே வர, தங்கள் புரோகிராமை ஒளித்துவைக்கும் இடங்களில் இந்தத் தொடக்கப் பட்டியலும் ஒன்று. அதில் இருக்கவேண்டியவை எவை என்று தெரிந்தவருக்குத்தான் புதிதாக நுழைந்த வரி கண்ணில் படும்.

எனவே மருத்துவமனையோ வங்கியோ அரசு அலுவலகமோ, சர்வர் அமைக்கும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்: அலுவலர்கள் முன்னிலையில் சர்வரை ரீபூட் செய்து, யாரும் கீபோர்டைத் தொடாமலே எல்லாச் சேவைகளும் எழுவதைக் காட்டிய பிறகே பில்லில் கையெழுத்து.