கூரை ஒன்று கேட்கிறோம்!

ஆனி, ஆடி பிறந்தால் குற்றாலத்துச் சாரலை நாடி ஊர் ஊராக மக்கள் வருகிறார்கள். தூறலிலே நனைந்து, அருவியிலே குளித்து, "ஆகா, என்ன குளுமை!" என்று வியந்து, இரண்டு நாளில் ஊர் திரும்புகிறார்கள். அவர்களுக்குச் சாரல் ஒரு விருந்து. ஆனால் அதே மலையடியிலே ஆண்டு முழுவதும் வாழ்கிற கடையநல்லூர் இளைஞனுக்கு அந்தச் சாரல் என்ன தெரியுமா? "இன்று ஆட்டம் இல்லை" என்ற அறிவிப்பு!

சாரல் மட்டுமா? செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வருகிற காற்றை நம்பித்தான் இந்த வட்டாரத்திலே காற்றாலைகள் நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்று மின்சாரம் தருகிறது, மகிழ்ச்சி. ஆனால் இறகுப்பந்து ஒன்றின் எடை ஏறத்தாழ 5 கிராம். காற்றாலையின் இறக்கையையே சுழற்றுகிற காற்றுக்கு, அந்த 5 கிராம் எம்மாத்திரம்? சாரல் ஓய்ந்து, சற்று மூச்சு விட்டால், ஐப்பசியிலே வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கிறது. அதுவும் ஓய்ந்தால், பங்குனி சித்திரை வெயில்! ஆண்டிலே எத்தனை மாதம் ஆடுவான் இந்தப் பிள்ளை? எண்ணிப் பார்த்தோமா?

சடுகுடு நம் மண்ணின் ஆட்டம் என்று மார்தட்டிக் கொள்கிறோம். ஆனால் இன்று உலகப் போட்டிகளிலே அது மண்ணிலே ஆடப்படுவதில்லை, விரிப்பிலே ஆடப்படுகிறது. மண்ணிலே கால் பதித்துப் பழகியவன், விரிப்பிலே முதன்முதல் இறங்கும்போது தடுமாறுகிறான். குற்றம் அவனுடையதா? விரிப்பு நனையக் கூடாது. நனையாமலிருக்கக் கூரை வேண்டும். கூரையில்லாத ஊரிலே விரிப்பு எங்கிருந்து வரும்?

2025ஆம் ஆண்டு அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டியில், சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகாவும், திருவாரூர் மாவட்டத்து வடுவூர் அபினேஷும் இந்தியக் கபடி அணிகளிலே நின்று தங்கம் வென்றார்கள். ஏழைக் குடியிருப்பிலிருந்தும், சிற்றூரிலிருந்தும் கிளம்பிய பிள்ளைகள்! தமிழகமே பாராட்டியது; அரசு ஆளுக்கு 25 இலட்சம் ரூபாய் வழங்கியது. நல்லது, செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். ஆனால் கனிந்த பழத்தைப் பாராட்டுவதோடு கடமை முடிந்துவிடுமா? கன்றுக்கு நீர் ஊற்றுவது யார்?

ஆகவேதான் கேட்கிறோம், கூரை ஒன்று வேண்டும் என்று. மாளிகை கேட்கிறோமா? இல்லை. சென்னையிலே நேரு உள்விளையாட்டரங்கம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு சூலை 28ஆம் நாள், உலக நாடுகளின் சதுரங்க வீரர்கள் வந்து குழுமிய ஒலிம்பியாட் தொடக்க விழா அங்கேதான் நடந்தது. கபடியும் அங்கே, இன்னிசைக் கச்சேரியும் அங்கே, திரைப்படப் பாடல் வெளியீடும் அங்கே. ஒரே கூரை, எத்தனையோ பயன்! தலைநகருக்கு அது தேவை, இருக்கட்டும். ஆனால் அந்தத் தலைநகரம் கடையநல்லூருக்கு 600 கிலோமீட்டருக்கு அப்பால் அல்லவா இருக்கிறது?

நாம் கேட்பது நடுத்தர அரங்கம். 2,000 பேர் அமர்ந்தால் போதும். நடுவிலே 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள ஆடுதளம். அது கூடைப்பந்துக் களத்தின் அளவு. அதே தளத்திலே குறுக்காக மூன்று இறகுப்பந்துக் களங்கள் அமையும். விரிப்பை விரித்தால் 13 மீட்டருக்கு 10 மீட்டர் கபடிக் களம். மாலையிலே தளத்தின் மீது காப்பு விரிப்பைப் பரப்பி, நாற்காலிகளைப் போட்டு, ஒரு பக்கம் மேடை அமைத்தால், அதுவே இசையரங்கம்! வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் பிறந்து வளர்ந்த நெல்லைச் சீமை இது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரம் முழங்கிய சீமை. நாகூர் அனிபாவின் குரலைக் கேட்டுச் சிலிர்த்த மக்கள் நாம். பாட்டுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பாடுவதற்கு இடம்தான் வேண்டும்.

குற்றாலத்திலே கலைவாணர் பெயரால் கலையரங்கம் இருக்கிறதே, சாரல் விழா அங்கே நடக்கிறதே என்பார்கள். இருக்கிறது; பெருமைதான். ஆனால் அது விழாவுக்கான மேடை. நாள்தோறும் பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஓடிச் சென்று ஆடுகிற களம் அல்ல.

"இது ஆடம்பரம்" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். "சாலை வேண்டும், சாக்கடை வேண்டும், குடிநீர் வேண்டும், ஆட்டமும் பாட்டும் அப்புறம் ஆகட்டும்" என்பார்கள். குடிநீர் வேண்டாம் என்று நாம் சொன்னோமா? ஆனால் ஒன்று கேட்கிறோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே 90 ஆயிரம் பேர் வாழும் நகராட்சி இது. இங்குள்ள பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தனியார் பயிற்சிக் கூடம் எங்கிருந்தாலும் எட்டும்; கட்டணம் கட்டுவார்கள், காரிலே அழைத்துப் போவார்கள். நெசவாளியின் மகன் எங்கே போவான்? பீடி சுற்றும் தாயின் மகள் எங்கே போவாள்? வசதியுள்ளவன் தன் கூரையைத் தானே கட்டிக்கொள்வான். வசதியற்றவனுக்குப் பொதுக் கூரைதான் கதி. அதை ஆடம்பரம் என்பது நியாயமா?

பெண் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். திறந்த திடலிலே, தெருவெல்லாம் வேடிக்கை பார்க்க, எத்தனை வீட்டிலே மகளை ஆட அனுப்புவார்கள்? நான்கு சுவரும், ஒரு கூரையும், பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரமும் இருந்தால், "போய் வா மகளே" என்று சொல்லத் தயங்கும் தாயும் சொல்வாள். இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் ஊர்களிலே திடலுக்குக்கூடச் சாதி உண்டு. இந்தத் தெருப் பையன் அந்தத் தெருத் திடலிலே கால் வைத்தால் முறைப்பவர்கள் உண்டு. நகராட்சிக் கட்டடத்தின் வாசலிலே நின்று, "நீ எந்தத் தெரு?" என்று கேட்கும் துணிவு எவனுக்கும் வராது, வரவும் கூடாது!

"நம்மால் ஆகுமா?" என்று மலைப்பவர்களுக்கு நம்மவர்களின் கதையையே நினைவூட்டுகிறோம். பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் போனார்கள் கடையநல்லூர் மக்கள். அங்கே சங்கம் அமைத்து, 1946ஆம் ஆண்டிலே உமறுப்புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளி கண்டார்கள். 1982இல் பள்ளி மூடப்பட்டாலும், அந்தப் பெயரை அங்கே ஒரு தமிழ்மொழி நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. கடல் கடந்த ஊரிலே தமிழுக்குக் கூரை அமைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், சொந்த ஊரிலே இளைஞர்களுக்குக் கூரை அமைக்க முடியாதா?

அதே சிங்கப்பூரிலே 1952ஆம் ஆண்டு இறகுப்பந்துக்கென்று ஒரு மண்டபம் எழுந்தது. 1955இலும் 1958இலும் தாமஸ் கோப்பைப் போட்டிகள் அங்கே நடந்தன. 1962இல் மலேசியாவோடு இணைவது பற்றிய பொது வாக்கெடுப்பின் வாக்குகளை அங்கேதான் எண்ணினார்கள். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில இசைக்குழு அங்கே பாடியது. பந்துக்காகக் கட்டிய மண்டபம், பாட்டுக்கும் பயன்பட்டது, மக்களாட்சிக்கும் பயன்பட்டது!

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒவ்வொன்றும் 3 கோடி ரூபாய்ச் செலவில் என்று 2022ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு அறிவித்தது. அத்தகைய திட்டத்தை அடித்தளமாகக் கொண்டு, நகராட்சி தன் பங்கைச் சேர்த்து, வெளிநாட்டு உறவினர் கை கொடுத்தால், கூரை எழாதா?

ஆனால் ஓர் எச்சரிக்கை. கட்டுவது எளிது, காப்பது கடினம். திறப்பு விழாவிலே மாலையும் மேளமும் இருக்கும். மூன்றாம் ஆண்டிலே ஒழுகும் கூரையும் உடைந்த விளக்கும் இருக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து வாடகை! கச்சேரிக்கும் கண்காட்சிக்கும் விட்டால் காசு வரும். காசு வந்தால் ஆசை வரும். ஆசை வந்தால் ஆண்டு முழுவதும் திருமண மண்டபமாகிவிடும். பிள்ளைகள் மீண்டும் சேற்றிலே நிற்பார்கள்.

ஆகவே, அடிக்கல்லுக்கு முன்பே விதியை எழுதுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அரங்கம் ஆட்டத்துக்கே உரியது. சனி, ஞாயிறு மாலைகளில் மட்டும் கலை நிகழ்ச்சி. அந்த வாடகை முழுவதும் பராமரிப்புக்கும், பிள்ளைகளின் இலவசப் பயிற்சிக்கும். பெண்களுக்குத் தனி நேரம். கணக்கு ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு. தகரக் கூரை போட்டு முடித்துவிடாதீர்கள். சாரல் விழும் ஊரிலே தகரத்தின் கீழே பாடுபவன் குரல் யாருக்குக் கேட்கும்? ஒலி அடங்க உட்கூரை வேண்டும். காற்று உலவ வழி வேண்டும்.

கேட்பது ஒரு கூரை. அதன் கீழே பகலிலே பந்தும், இரவிலே பாட்டும். தருகிறவர்களை ஊர் மறக்காது. தட்டிக் கழிக்கிறவர்களையும் மறக்காது!