44 என்றொரு வக்பு: கேட்காமல் விற்கலாமா?



கொஞ்சம் நீண்ட பதிவு. முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுவதென்றால் திட்டுங்கள்.

தரம் 11இல் ஐ.பி. முகவரி படிப்பிக்கும்போது, 44 என்று தொடங்கும் முகவரிகளின் கதையைச் சொன்னோம். கதை முடிந்ததும் பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அத ஆரக் கேட்டு வித்தாங்க?"

ஊரில் பெரியவர்கள் நாம் கேட்கத் தயங்கும் கேள்வி அது. அதனால்தான் இந்தப் பதிவு.

அமெச்சூர் வானொலிக்காரர்களை நம்மில் பலருக்குத் தெரியாது. பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்து, தங்கள் சொந்தச் செலவில் வானொலித் தொடர்பு நடத்துபவர்கள். சம்பளம் இல்லை, வியாபாரம் செய்யவும் கூடாது. 2004 சுனாமியில் தொலைபேசி செத்துக் கிடந்தபோது அம்பாந்தோட்டையையும் கொழும்பையும் வானொலியால் இணைத்தவர்கள் நம் நாட்டின் இந்த ஆட்கள்தான். இலங்கையில் அவர்களது அழைப்புக்குறி பெரும்பாலும் 4எஸ்7 என்று தொடங்கும்.

1978இல் கனடாவின் மொன்றியல் நகரில் இவர்கள் குரலுக்குப் பதிலாகக் கணினித் தரவைப் பொதி பொதியாக வானொலியில் அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு கணினி, ஒரு வானொலிப் பெட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு மோடம். பிறகு வந்த ஏ.எக்ஸ்.25 என்ற நெறிமுறையில் ஒவ்வொரு பொதியிலும் அனுப்புபவர், பெறுபவர் இருவரது அழைப்புக்குறியும் இருக்கும். வழக்கமான வேகம் செக்கனுக்கு 1200 பிட். அந்த வேகத்தில் நாம் வட்ஸ்அப்பில் தட்டிவிடும் 1 எம்.பி. படம் ஒன்று போய்ச்சேர இரண்டு மணித்தியாலம் எடுக்கும். ஆனால் "மருந்து தேவை, பாலம் உடைந்துவிட்டது" என்ற செய்தி சில செக்கன்களில் போய்விடும்.

இந்தச் சின்ன வலையை இணையத்தோடு இணைப்பது எப்படி? 1981இல் ஹாங்க் மக்னஸ்கி என்ற அமெச்சூர்காரர், அன்று இணைய முகவரிகளைப் பங்கிட்ட ஜோன் போஸ்டலிடம் கேட்டார். 44 என்று தொடங்கும் முழுத் தொகுதியும், அதாவது 1 கோடி 67 இலட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள், உலக அமெச்சூர்களின் தரவுத் தொடர்புக்கென்று கிடைத்தது. ஒரு சதம் கூடக் கொடுக்கவில்லை. 1980களில் பில் கார்ன் சாதாரண வீட்டுக் கணினியிலும் டி.சி.பி./ஐ.பி. ஓடும்படி மென்பொருள் எழுதினார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பிரயன் கன்ரரின் பொறுப்பில் ஒரு வாசல் இயந்திரம் இயங்கியது. 44க்கு என்று இணையத்தில் வரும் பொதியை அது இன்னொரு உறைக்குள் போட்டு உரிய ஊரின் வாசலுக்கு அனுப்பும். அங்கே உறையைப் பிரித்து வானொலியில் ஏற்றுவார்கள். நாடு நாடாகத் தொண்டர்கள் இலவசமாக முகவரி பங்கிட்டார்கள். அனுமதிப்பத்திரம் இருந்தால் போதும், நம் 4எஸ்7காரரும் கேட்கலாம்.

இப்போது சொல்லுங்கள், இது யாருடைய சொத்து? கேட்டு வாங்கியவருடையதா? வாசலைக் காத்தவருடையதா? நமக்குத் தெரிந்த பாஷையில் இதன் பெயர் அமானிதம்.

2011இல் இந்த முகவரிகளைப் பராமரிக்கக் கலிபோர்னியாவில் இலாப நோக்கற்ற ஒரு நிறுவனம் பதிவானது. 2019 ஜூலையில் அந்த நிறுவனம் ஒரு செய்தி சொன்னது. தொகுதியின் கால்வாசி, 44.192 முதல் 44.255 வரை, 41 இலட்சத்து 94 ஆயிரத்து 304 முகவரிகள் அமேசனுக்கு விற்றாகிவிட்டது. விலை 10 கோடி டொலருக்கு மேல். உலகத்து அமெச்சூர்கள் விற்ற பிறகுதான் அறிந்தார்கள்.

விற்றவர்கள் பக்க நியாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யாரும் பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அந்தப் பணத்தில் இன்றுவரை புலமைப்பரிசில்களும் ஆய்வுக்கான மானியங்களும் போகின்றன. பின்னர் ஆலோசனைக் குழுக்களும் அமைத்தார்கள். மிச்சம் 1 கோடி 25 இலட்சம் முகவரிகள் இன்னும் அமெச்சூர்களுக்கே. பல வருடம் கூலியில்லாமல் உழைத்தவர்களைக் கள்ளர் என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. சொல்லவும் கூடாது.

ஆனாலும் பிழை பிழைதான்.

"சும்மா கிடந்ததுதானே" என்கிறார்கள். சும்மா கிடந்தால் காவல்காரனுக்குச் சொந்தமாகிவிடுமா? அமானிதமாகத் தந்த நகையை நாம் கழுத்தில் போடாமல் அலுமாரியில்தான் வைத்திருப்போம். அதற்காக விற்க முடியுமா?

"விலை இறங்குமுன் விற்றோம்" என்கிறார்கள். புதிய முகவரி முறை பரவினால் பழையதன் மதிப்புக் குறையலாம், உண்மை. அப்படியென்றால் இன்னும் முந்தியே கேட்டிருக்க வேண்டும். அவசரம் என்பது கேட்காமல் விடுவதற்குக் காரணமாகாது.

"யாரைக் கேட்பது, உலகம் முழுக்க இருக்கிறார்களே" என்கிறார்கள். முகவரி எடுத்தவர்களின் பதிவு இருந்தது. நாட்டுக்கு நாடு பங்கிட்ட பொறுப்பாளர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு அமெச்சூருக்கும் அரசாங்கம் கொடுத்த அழைப்புக்குறி இருக்கிறது. இதைவிடத் தெளிவான ஜமாஅத் பட்டியல் எந்த ஊரில் இருக்கிறது?

"நல்ல காரியத்துக்குத்தானே போகிறது" என்பதுதான் கடைசி வாதம், ஆபத்தான வாதமும் அதுதான். கைபரில் கிடைத்த நிலத்தை உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் வக்பு செய்தபோது வைத்த நிபந்தனை நமக்குத் தெரியும்: விற்கக்கூடாது, அன்பளிப்புச் செய்யக்கூடாது, வாரிசுக்குப் போகக்கூடாது. பயன் மட்டுமே ஏழைக்கும் வழிப்போக்கனுக்கும். நம் ஷாபிஈ மத்ஹபில் இதில் பிடி மிக இறுக்கம். ஹனபி மத்ஹபில் வக்பை மாற்றீடு செய்ய வழி உண்டு, ஆனால் நிபந்தனைகளோடும் காழியின் அனுமதியோடும். பொறுப்பாளர் தானே யோசித்து, தானே விலை பேசி, பிறகு வந்து அறிவிக்க எந்த வழியும் இல்லை. 44 சட்டப்படி வக்பு அல்ல, அமெரிக்கச் சட்டம் வேறு. ஆனால் நியாயத்தின் அளவுகோல் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை.

இதில் இழப்பு முகவரிகள் மட்டுமல்ல. இந்த வலையைக் கட்டியது பணமல்ல, நம்பிக்கை. நாளைக்கு ஒருவர் தன் மொட்டைமாடியில் சொந்தக் காசில் அன்டனா நட்டு, ஊருக்காக ஒரு வாசலைத் திறந்து வைப்பாரா? "நாம் கட்டுவது நாளை யார் கையில்?" என்ற சந்தேகம் ஒருமுறை நுழைந்தால், அதை எத்தனை கோடி டொலர் மானியத்தாலும் வெளியேற்ற முடியாது.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். 1956இலிருந்து நமக்கு வக்பு சட்டம் இருக்கிறது, வக்பு சபை இருக்கிறது. நம் மூத்தவர்கள் ஒரு தென்னந்தோட்டம், ஒரு கடைக் கட்டடம், ஒரு வயல் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எது எவ்வளவு, யார் குத்தகைக்கு வைத்திருக்கிறார், என்ன வருமானம் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேட்டால் "பள்ளி விடயத்தில் அரசியல் செய்யாதீங்க" என்று வாயை அடைக்கிறார்கள்.

நமது கோரிக்கை மூன்றுதான். வக்பு சொத்துகளின் பட்டியல் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் தொங்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது ஜும்ஆவுக்குப் பின் கணக்கு வாசிக்க வேண்டும். விற்பதோ மாற்றுவதோ நீண்டகாலக் குத்தகையோ, முதலில் ஜமாஅத்தைக் கேட்க வேண்டும், பிறகுதான் கையெழுத்து.

நம்பிக்கையாளர்கள் நல்லவர்களாக இருந்தாலும் கேட்போம். நல்லவர்களிடம் கேட்டுப் பழகினால்தான் மற்றவர்களிடமும் கேட்க வாய் வரும்.

பின்வாங்குப் பிள்ளைக்கு வகுப்பில் நாம் சொன்ன பதில், "ஆரையும் கேட்கல்ல மகன்." நம் ஊரைப் பற்றியும் ஒரு நாள் அந்தப் பிள்ளை இதையே கேட்கும். அன்றைக்கு இந்தப் பதிலைச் சொல்ல வைத்துவிடாதீர்கள்.

வஸ்ஸலாம்.