மேதைமையின் கடன் கணக்கு

உலகின் மாபெரும் ஹார்ட் ராக் குழு எது என்று கேட்டுப் பாருங்கள். லெட் ஸெப்லின் என்ற பெயர் உடனே வந்து விழும். ஜிம்மி பேஜின் கிட்டார், ராபர்ட் பிளான்ட்டின் குரல், ஜான் பால் ஜோன்ஸின் பேஸ், ஜான் பானமின் டிரம்ஸ் என்று விரல்விட்டு எண்ணுவார்கள். 1968இல் லண்டனில் உருவாகி, 1980இல் பானம் இறந்ததும் கலைந்த குழு. 1971இல் வந்த நான்காவது ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 2 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

நானும் அந்த ஆல்பத்தைக் கேட்பவள்தான். அதன் கடைசிப் பாடலுக்கு, ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மேலிருந்து மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்த அடி இன்றும் நெஞ்சில் இறங்குகிறது. அதை மறுத்து நான் பெண்ணியவாதி என்று நிரூபிக்க வேண்டிய தேவை எனக்கில்லை. ஆனால் இந்த மகத்துவத்துக்கு யாரிடமிருந்து கடன் வாங்கினார்கள்? யார் விலை கொடுத்தார்கள்? மகத்துவம் என்று தீர்ப்பெழுதும் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? இந்த மூன்றையும் கேட்காமல் போடும் கணக்கு பொய்க்கணக்கு.

அந்தக் கடைசிப் பாடல் ‘வென் த லெவீ பிரேக்ஸ்’. 1927இல் மிசிசிப்பி ஆற்றின் கரை உடைந்து ஊர்கள் மூழ்கியதைப் பற்றி, 1929இல் கன்சாஸ் ஜோ மெக்காயும் மெம்பிஸ் மின்னியும் பதிவு செய்த ப்ளூஸ் பாடல். ஜோ பாடினார், மின்னி கிட்டார் வாசித்தார். கறுப்பினப் பெண் கிட்டார் கலைஞர். சுமார் 200 பாடல்களைப் பதிவு செய்தவர். பிக் பில் ப்ரூன்ஸி என்ற பெரிய கலைஞர், ஒரு போட்டியில் மின்னியிடம் தான் தோற்றதைத் தன் சுயசரிதையிலேயே எழுதியிருக்கிறார். லெட் ஸெப்லின் ஆல்பத்தில் மின்னியின் பெயரையும் சேர்த்திருந்தார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த ஆல்பம் உலகெங்கும் விற்றுக்கொண்டிருந்தபோது, பக்கவாதத்தால் முடங்கிய மின்னி மெம்பிஸில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் கிடந்தார். 1973இல் இறந்தார். அவர் கல்லறைக்கு ஒரு கல் நடப்பட்டது 1996இல். அதற்குப் பணம் கொடுத்தவர் பானி ரைட் என்ற இன்னொரு கிட்டார் வாசிக்கும் பெண்.

ஆன் ப்ரெடனுக்கு அந்தப் பெயர்கூட முதலில் கிடைக்கவில்லை. அவர் எழுதிய ‘பேப், ஐ’ம் கானா லீவ் யூ’ பாடலை ஜோன் பயஸ் 1962இல் பாடினார். அதைக் கேட்ட பேஜ் 1969இல் தன் குழுவின் முதல் ஆல்பத்தில் சேர்த்தார். உறையில் ‘மரபுப் பாடல், இசையமைப்பு பேஜ்’ என்று அச்சாயிற்று. எழுதியவள் உயிரோடு இருக்கும்போதே அவள் பாட்டு மரபுக்குச் சொந்தமாகிவிட்டது. ப்ரெடனின் பெயர் ஏற 1990 வரை ஆயிற்று. கறுப்பின ஆண்களுக்கும் இதே கதிதான். ‘ஹோல் லாட்டா லவ்’ பாடலுக்காக வில்லி டிக்ஸன் 1985இல் வழக்குத் தொடுத்தார். பிறகுதான் சமரசம் வந்தது.

‘ப்ளூஸே கைமாறி வளர்ந்த கலைதானே, இதில் என்ன திருட்டு?’ என்று கேட்பார்கள். கைமாறியது உண்மை. ஆனால் ஏழைகள் தங்களுக்குள் பாட்டைக் கைமாற்றிக்கொள்வதும், அதை வாங்கியவர் தன் பெயரில் பட்டா போட்டு ராயல்டி வாங்குவதும் ஒன்றாகாது. புறம்போக்கு நிலத்தை வளைத்துப் போடுபவரும் ‘இது எல்லாருக்கும் பொதுவான இடம்தானே’ என்றுதான் ஆரம்பிப்பார்.

அடுத்தது உடலால் கொடுத்த விலை. 1969இல் ‘லைஃப்’ பத்திரிகைக்காக எலன் சாண்டர் என்ற பத்திரிகையாளர் இந்தக் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் உடன் சென்றார். கடைசி நாள் விடைபெறப் போனபோது குழுவினர் இருவர் தன்மீது பாய்ந்து உடையைக் கிழித்ததையும், மேலாளர் வந்து இழுத்து விலக்கியதையும் 1973இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். வேலை பார்க்கப் போன பெண்ணுக்கு நடந்தது இது. ராக் வரலாறுகள் இத்தகைய சம்பவங்களை ‘சாலையோரக் குறும்புகள்’ என்ற தொனியில் சிரித்துக்கொண்டே சொல்கின்றன. ‘அந்தக் காலம் அப்படி’ என்பார்கள். சாண்டரும் அந்தக் காலத்துப் பெண்தான். அவர் அப்போதே பேசினார். கேட்க மறுத்தவர்களையும் சேர்த்ததுதான் அந்தக் காலம்.

தீர்ப்பு யார் கையில்? ‘ரோலிங் ஸ்டோன்’ 2003இல் வெளியிட்ட நூறு மகத்தான கிட்டார் கலைஞர்கள் பட்டியலில் பேஜுக்கு 9ஆவது இடம். பெண்கள் இரண்டே பேர்: ஜோனி மிட்செல், ஜோன் ஜெட். மின்னி இல்லை.

அப்படியானால் இந்த இசையைத் தூக்கிப் போட்டுவிடலாமா? 1978இல் ஏஞ்சலா மெக்ராபியும் சைமன் ஃப்ரித்தும், இவ்வகை ராக் ஆண்குறியின் ஆர்ப்பாட்டம் என்று எழுதினார்கள். 2001இல் சூசன் ஃபாஸ்ட் என்ற இசையியலாளர் எதிர்க்கேள்வி கேட்டார்: இந்த இசையில் பெண்கள் அடையும் இன்பத்தை என்ன செய்வீர்கள்? நான் ஃபாஸ்ட்டின் பக்கம். கேட்கும் பெண்ணை ஏமாந்தவள் என்று சொல்வதும் அவள் காதைப் பிடுங்குவதுதான்.

ஹார்ட் குழுவின் ஆன், நான்சி வில்சன் சகோதரிகளைப் பாருங்கள். லெட் ஸெப்லினைக் கேட்டு, பாடி வளர்ந்தவர்கள். அவர்கள் இருவரும் காதலர்கள் என்று ஜாடையாகச் சொல்லும் விளம்பரத்தை அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமே வெளியிட்டது. அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் 1977இல் வந்த ‘பாரகூடா’. 2012 டிசம்பரில் கென்னடி மையத்தில், லெட் ஸெப்லினில் எஞ்சிய மூவரும் மேலே அமர்ந்திருக்க, இதே சகோதரிகள் கீழே மேடையில் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாடினார்கள். பிளான்ட்டின் கண் கலங்கியது. இரவல் வாங்கியவர்களின் பாட்டை, யாருடையது என்று பெயர் சொல்லி, அவர்கள் முகத்துக்கு நேரே பாடிக் காட்டினார்கள் பெண்கள்.

ஆகவே தோழிகளே, லெட் ஸெப்லின் பெரிய குழுதான். ஆனால் நால்வர் மட்டும் கட்டிய கோபுரம் இல்லை. அடுத்த முறை யாராவது உங்களுக்கு ராக் வரலாறு சொல்லிக்கொடுக்க வந்தால், மின்னியின் 1929 பதிவை முதலில் போடச் சொல்லுங்கள். ஆன் ப்ரெடனின் பெயரைக் கேளுங்கள். எலன் சாண்டர் என்ன எழுதினார் என்று கேளுங்கள். பதில் தெரியாதவருக்கு அந்தக் குழுவின் மகத்துவத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தகுதி இல்லை. பதில் தெரிந்த பிறகும் ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்கலாம்; நான் அப்படித்தான் கேட்கிறேன்.