டி.சி. வாங்க வரும் நாள்

ஆயுதபூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முதலாண்டுப் பிள்ளைகளில் சிலர் திரும்பி வருவதில்லை. மலைக்கிராமத்துப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளில் வேலை பார்க்கும் நம் வாசகர்களுக்கு இது புதிதல்ல. ஒரு மாதம் கழித்துத் தகப்பனோடு வந்து அலுவலக ஜன்னலில் நிற்பார்கள். டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வேண்டும். ஏன் என்றால், "சும்மாதான் சார்." பதிவேட்டில் "சொந்தக் காரணம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம்.

நானும் எழுதியிருக்கிறேன். விடுதிப் பொறுப்பில் இருந்த காலத்தில், கீழ்ப்பழனி மலையிலிருந்து வந்த பளியர் பழங்குடி மாணவி ஒருத்தி அப்படித்தான் போனாள். அவள் பேச்சை அறைத்தோழிகள் நடித்துக் காட்டிச் சிரித்ததும், அவள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகே சாப்பாட்டுக்கூடத்துக்கு வந்ததும் அடுத்த ஆண்டுதான் என் காதுக்கு வந்தது. வராந்தாவில் புகார்ப் பெட்டி இருந்தது. சாவி என்னிடம். பெட்டிக்குள் ஒரு சீட்டும் இல்லாததை எங்கள் விடுதியின் பெருமையாக ஆண்டறிக்கையில் வேறு போட்டிருந்தோம்.

1960களில் பளியரிடையே களப்பணி செய்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர் ஒன்றை அழுத்தமாகப் பதிவு செய்தார். சச்சரவு வந்தால் அவர்கள் சண்டைக்கு நிற்பதில்லை, மூன்றாம் ஆளிடம் முறையிடுவதும் இல்லை. விலகி வேறிடம் போய்விடுவார்கள். அறுபது ஆண்டுக்கு முந்தைய குறிப்பை இன்றைய பிள்ளைகள் மேல் முத்திரையாகக் குத்தக் கூடாது. கைப்பேசியும் தேர்வுப் பயமும் அவர்களுக்கும் உண்டு. ஆனாலும் நம் குறைதீர்க்கும் ஏற்பாடுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 2012-இன் யு.ஜி.சி. சமத்துவ விதிமுறைகள், சமவாய்ப்பு மையம், ராகிங் தடுப்புக் குழு என்று எதை எடுத்தாலும் பெரும்பாலும் யாராவது புகார் கொடுத்தால்தான் அசையும். விலகிப் போவதையே மரியாதை என்று கற்றுவந்த பிள்ளைக்கு அவை இருந்தும் இல்லாதவைதான். அவள் கொடுத்த ஒரே புகார் மனு அந்த டி.சி. விண்ணப்பம்.

இதே முடிச்சை வேறொரு கண்டத்தில் அவிழ்க்கப் பார்த்தவர் அமெரிக்கக் கல்வியாளர் லாரா ரெண்டோன். டெக்சாசின் எல்லை நகரமான லரேடோவில் வளர்ந்தவர்; அவர் குடும்பத்தில் கல்லூரி அதற்கு முன் இல்லாத சங்கதி. அன்றைக்குக் கல்வியாளர்கள் அதிகம் மேற்கோள் காட்டியவற்றில் ஒன்று அலெக்சாண்டர் ஆஸ்டின் 1984-இல் எழுதிய 'ஈடுபாட்டுக் கோட்பாடு': மாணவர் கல்லூரி வாழ்வில் எவ்வளவு ஈடுபடுகிறாரோ அவ்வளவு தேறுவார். பத்தாண்டு கழித்து ரெண்டோன் ஒரு திருத்தம் சொன்னார். லத்தீனோ மாணவர்கள் போன்றோரில் பலர் தாமாக முன்வந்து ஈடுபடுவதில்லை. யாரோ ஒருவர் முதலில் தேடிப் போய் "உன்னால் முடியும், இது உன் இடம்" என்று காட்டிய பிறகே ஈடுபாடு தொடங்குகிறது. முதல் அடி நிறுவனத்துடையது. இதை அவர் 'அங்கீகரிப்பு' என்றார்.

அங்கிருந்து அப்படியே எடுத்துவர முடியாத ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் இளநிலை மாணவரில் கால்வாசிப் பேர் லத்தீனோ என்றால், 1992 சட்டத்திருத்தம் அந்தக் கல்லூரிக்குத் தனி நிதியுதவி கேட்கும் தகுதியைத் தந்தது. கால்வாசிப் பேர் இருந்தால் சங்கம் வைக்கலாம், விழா எடுக்கலாம், மூத்தவர் இளையவரைத் தாங்கலாம். நம் மாநிலத்தில் பழங்குடியினர் ஒதுக்கீடு ஒரு சதவீதம். 60 பேர் வகுப்பில் கணக்குப்படி ஒரு முழு ஆள்கூடத் தேறாது. நம் மாணவி வகுப்பில் தனி ஆள். விடுதி மாடியிலும் பல சமயம் தனி ஆள். ஒரே கல்லூரிக்குள் அவளுக்கு அக்கா கிடைக்க மாட்டாள். பழனியில் ஒருத்தி, காந்திகிராமத்தில் ஒருவன், கொடைக்கானலில் ஒருத்தி என்று சிதறிக் கிடப்பவர்களை நாம்தான் சேர்த்துவைக்க வேண்டும். பொங்கல் விடுமுறையில் எல்லோரும் மலையில்தான் இருப்பார்கள். பாச்சலூரிலோ கே.சி.பட்டியிலோ ஒரு பள்ளிக்கூட அறையும் ஒரு பகலும் போதும்.

காகித விஷயம் தனி. பளியருக்குப் பழங்குடிச் சான்றிதழ் தருபவர் கோட்டாட்சியர். விசாரணை உண்டு, நாளாகும். அதே சரிவில் வாழும் மலைப்புலையர் பட்டியல் சாதியில் இருக்கிறார்கள், சான்று வட்டாட்சியரிடம். தங்களைப் பழங்குடியில் சேர்க்கச் சொல்லி அவர்கள் கேட்டு வருகிறார்கள். மத்திய அரசு பலவீனமான பழங்குடியினர் என்று தமிழகத்தில் அடையாளம் கண்ட ஆறு குழுக்களில் பளியர் இல்லை. எனவே அந்தத் தனித் திட்டங்களும் அவர்களுக்கு இல்லை. 'பழங்குடி மாணவர்' என்று ஒரே கோப்பில் போட்டுவைக்கும் அலுவலகங்கள் முதலில் இந்த வேறுபாட்டைப் படிக்கட்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உண்மையிலேயே பெரிய துணை. ஆதார் வங்கிக் கணக்கோடு இணையாததால் அது நின்றுபோனால், மாணவி கேட்டு வருவாள் என்று எழுத்தர் காத்திருக்கக் கூடாது.

வருகைப் பதிவுக்கு வருவோம். கீழ்ப்பழனி மலையில் காப்பிப் பழம் எடுப்பது நவம்பரில் தொடங்கி ஜனவரி தாண்டும். நம் பருவத்தேர்வும் நவம்பரில். வீட்டில் இரண்டு கை குறைந்தால் கூலி குறையும். 75 சதவீத விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. அந்த வருகைக் குறைவு எந்த மாதத்தில் விழும் என்பது ஜூலையிலேயே தெரிந்ததுதானே. செப்டம்பரில் கூப்பிட்டுப் பேசலாமே.

நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு, நுண்கலை மன்றம் எல்லாம் மாலை நான்குக்கு மேல்தான். விடுதியில் தங்காமல் மலைக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவள் எதில் சேருவாள்? அப்புறம் "இந்தப் பிள்ளைகள் எதிலும் கலந்துகொள்வதில்லை" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறோம். சேர்ந்தாலும் நாம் கொடுக்கும் வேடம் ஒன்றே ஒன்று: கல்லூரி விழாவில் 'பழங்குடி நடனம்'. மலைத்தேன் எடுப்பதையும் கிழங்கு வகைகளையும் வீட்டிலேயே கற்ற பெண்ணைத் தாவரவியல் துறை ஒரு களப்பயணத்துக்காவது முன்னால் நடக்கவிட்டதுண்டா?

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரி டி.சி. பதிவேட்டை எடுங்கள். கடந்த ஐந்தாண்டில் "சொந்தக் காரணம்" என்று எழுதியவற்றில் மலைக்கிராம முகவரிகள் எத்தனை என்று எண்ணி, எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள். பெயர்கள் வேண்டாம். கல்லூரியின் பெயரை வெளியிடாமல் அடுத்த இதழில் அச்சிடுகிறோம். என் பழைய விடுதியின் கணக்கோடு பட்டியல் தொடங்கும்.