போராட்டம் அவிசுவாசமன்று

பம்மலிலும் அதையடுத்த அனகாபுத்தூர், பல்லாவரம் பகுதிகளிலும் வீடுதோறும் கூடும் ஜெபக்கூட்டங்களில், மெய்யாக இரட்சிக்கப்பட்டவனுக்குப் பாவத்தோடு போராட்டமே இராது, இருக்குமாயின் அவன் இன்னும் இரட்சிக்கப்படவில்லை என்னும் உபதேசம் உறுதியாகச் சொல்லப்பட்டு வருகிறது. எளிய விசுவாசிகளின் உள்ளத்தில் அது விளைக்கும் வேதனையை எண்ணி இதனை எழுதுகிறேன்.

ரோமர் நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில் பவுல் புலம்புவது மனந்திரும்புதலுக்கு முந்திய நிலையைக் குறித்தே என்பது அவ்வாறு உபதேசிப்போருடைய முதல் வாதம். அகஸ்தீனும் முதலில் ஏறக்குறைய அவ்வாறே கருதியிருந்து, பெலேஜியரோடு வாதிட்ட முதிர்ந்த காலத்தில், கிருபைக்குட்பட்ட அப்போஸ்தலரே அங்குத் தம்மைக் குறித்துப் பேசுகிறார் என்று தெளிந்தார். அத்தெளிவை ஏலாதவருக்கும் கலாத்தியர் 5-ஆம் அதிகாரம் உண்டு. ஆவியும் மாம்சமும் பகைத்து நிற்பதை அப்போஸ்தலர் எழுதுவது ஆவியைப் பெற்ற சபையாருக்கே. ஆவியில்லாதவனுக்குள் மாம்சத்தை எதிர்க்க யாருண்டு?

தேவனால் பிறந்தவன் பாவத்தில் நடவான் என்று யோவானின் முதல் நிருபத்தைக் காட்டுவோர், அதே நிருபத்தின் முதல் அதிகாரம் தம்மைப் பாவமற்றவரென்போரைக் கடிந்துகொள்வதையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும். கிறிஸ்தவப் பூரணத்தை வற்புறுத்திய ஜான் வெஸ்லியும், 'பாவமற்ற பூரணம்' என்னும் தொடரைத் தாம் வழங்குவதில்லை என்றே எழுதினார்.

நம் தமிழிலேயே இதனினும் அழகிய சாட்சி இருக்கிறது. 1827-இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணப்பிள்ளை, ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி, 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் பெருங்காப்பியத்தை 1894-இல் நமக்களித்தார். பன்யன் வகுத்த அக்கதையில், யாத்திரிகனுடைய பாவச்சுமை சிலுவையண்டையில் கழன்று விழுவது பயணத்தின் முற்பகுதியிலேயே; அப்பொல்லியோனோடு வாளேந்திப் பொருவதும், மரணநிழலின் பள்ளத்தாக்கைக் கடப்பதும், அவநம்பிக்கை என்னும் அரக்கனுடைய கோட்டையில் சிறைப்பட்டு நைவதும் அதற்குப் பின்னரே. சுமை நீங்கியவனே அங்குப் போர்வீரனாகிறான். காயப்பட்டும் அவன் யாத்திரிகனாகவே இருக்கிறான்.

இவ்வாறு சொல்வது பாவத்துக்கு இடங்கொடுப்பதாகும் என்று அஞ்சுவோரும் உளர். போராடுகிறவன் பாவத்துக்கு இணங்கினவனல்லன். ஜெயங்கொண்ட சாட்சிக்கு மட்டுமே செவிகொடுக்கும் கூட்டத்தில்தான், குடியை விட்டு மீண்டும் இடறின சகோதரன் தன் வீழ்ச்சியை மறைக்கக் கற்றுக்கொள்கிறான். மறைவிலே அது வேரூன்றுகிறது. சீஷர்களுக்கே கர்த்தர் மன்னிப்புக் கேட்கும் ஜெபத்தைக் கற்பித்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆதலால் போதகர்களையும் கூட்டம் நடத்தும் பெரியோர்களையும் வேண்டிக்கொள்கிறேன்: ஒருவர் எழுந்து, தாம் இன்னும் போராடுவதாகக் கண்ணீரோடு அறிக்கையிட்டால், அவருடைய இரட்சிப்பை ஐயுறாமல், அவரோடுகூட முழங்காற்படியிடுங்கள்.